பந்தில்லாத உதை: விளையாட்டு வீரரின் உளநலமும் ஆங்கில நாடக மேடையும்

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டு வீரர்களான ஆண்களின் உளநெருக்கடியைப் பொருளாகக் கொண்ட ஆங்கில நாடகங்களுள் டேவிட் ஸ்டோரியின் ‘தி சேஞ்சிங் ரூம்’ (1971), ஜேம்ஸ் கிரகாமின் ‘டியர் இங்கிலாந்து’ (2023) ஆகிய இரண்டையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ஆண்கள் மனம் திறந்து பேச வேண்டும் என்று அறிவுறுத்துவதில் அன்று, பேச இயலாமை உடலில் எவ்வாறு வெளிப்படுகிறது என்று காட்டுவதிலேயே அரங்கின் தனி ஆற்றல் உள்ளது என்பது இதன் கருதுகோள். பேசச் சொல்லும் நாடகங்கள், பேச்சைக் கேட்பவர் யார் என்னும் வினாவைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன என்பதும் சுட்டப்படுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கருத்துகள் ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்பட்டுள்ளன.

முதன்மைச் சொற்கள்: விளையாட்டு அரங்கியல், உளநலம், ஆண்மை, மெய்ப்பாடு, இளிவரல், மன்ற அரங்கு.

நாற்பது மீட்டர் நடை

1996 ஜூன் 26 அன்று இலண்டன் வெம்ப்ளி விளையாட்டரங்கில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தின் அரையிறுதி நடைபெற்றது. இங்கிலாந்தும் ஜெர்மனியும் 1-1 என்னும் கணக்கில் சமநிலையில் இருந்தமையால் முடிவு பெனால்டி உதைகளுக்குச் சென்றது. இரு அணியினரும் முதல் ஐந்து உதைகளையும் தவறாமல் கோலாக்கினர். ஆறாவதாக வந்த கேரத் சவுத்கேட்டின் உதையை ஜெர்மானியக் கோல்கீப்பர் ஆந்திரியாஸ் கோப்கே தடுத்தார். அடுத்த உதையில் ஜெர்மனி வென்றது. சவுத்கேட்டுக்கு அப்போது வயது 25.

அதன்பின் நிகழ்ந்தது உளவியல் நோக்கில் மேலும் கருதத்தக்கது. முன்னர் 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் இதேபோல் தவறிய ஸ்டூவர்ட் பியர்ஸ், கிறிஸ் வாடில் ஆகிய இருவருடன் சவுத்கேட்டும் ஒரு பீட்சா விளம்பரத்தில் நடித்தார். அதில் அவர் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்து முகத்தை மறைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். நாட்டு மக்கள் சிரித்தனர். அவமானத்தை வெளியே சொல்ல அந்தச் சூழல் ஓர் ஆணுக்கு அளித்த ஒரே வழி, அதைத் தானே நகைப்பாக்கி விற்பதாகவே இருந்தது.

தொலைக்காட்சி இந்நிகழ்வை ஆயிரக்கணக்கான முறை மறு ஒளிபரப்புச் செய்துள்ளது. ஆயினும் தொலைக்காட்சி காட்டுவது உதையையும் அதன் விளைவையும் மட்டுமே. ஆடுகளத்தின் நடுவட்டத்திலிருந்து பெனால்டிப் புள்ளிவரை ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவு உண்டு. அத்தொலைவை ஒருவன் தனியே நடந்து கடக்கும்போது அவனுள் நிகழ்வது ஒளிப்படக் கருவிக்கு அகப்படுவதில்லை. நார்வே நாட்டு விளையாட்டு உளவியலாளர் கெய்ர் யோர்டெட், பெரும்போட்டிகளின் பெனால்டி உதைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, நடுவரின் ஊதலுக்குப்பின் மிக விரைவாக ஓடி உதைப்போருள் இங்கிலாந்து வீரர்கள் முன்னிற்பதைக் கண்டறிந்தார். உதையை நன்கு உதைக்க வேண்டும் என்பதைவிட, அந்தக் கணத்திலிருந்து விரைந்து தப்ப வேண்டும் என்னும் உந்துதலே அங்கு மேலோங்குகிறது என்பது அதற்கு அவர் தரும் விளக்கம். வீரன் கடந்தோட விரும்பும் அந்தச் சில நொடிகளை நிறுத்தி, விரித்து, பலர்முன் வைக்கக்கூடிய கலை வடிவம் நாடகம். விளையாட்டைப் பற்றிய நாடகங்களுள் சிறந்தவை ஆட்டத்தை மேடையேற்ற முயலாமல் ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தை மேடையேற்றுவதற்கு இதுவே காரணம்.

மெய்ப்பாடும் ஆட்டக்காரனின் உடலும்

அகத்தே தோன்றும் உணர்வு சொல்லின் துணையின்றி உடல்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு. பேசப் பழகாத ஆண்களைப் பற்றிய நாடகத்தை ஆராய இக்கோட்பாடு பொருந்தும் என்பது கூறாமலே விளங்கும். எனினும் பொருத்தம் அவ்வளவில் நிற்பதன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். அவ்வகைப்பாட்டில் இங்கு நுண்மையாகக் கருத வேண்டிய சில இடங்கள் உள்ளன.

அழுகையின் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன கூறப்படுகின்றன. உயிரோ பொருளோ இழந்ததனால் வரும் துயரத்திற்கும் முன்பாக, பிறரால் இகழப்பட்டு எளியனாவதால் வரும் துயரம் வைக்கப்பட்டுள்ளது. பெனால்டி தவறிய வீரனின் துயரம் இவ்வகையினது. அவன் இழந்தது ஒரு கோல் மட்டுமே. அவனை வருத்துவது இழப்பன்று, இகழ்ச்சி. மூன்றாவதான அசைவு என்பதற்கு, முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையை அடைந்து வருந்துதல் என்பது உரைவழிப் பொருள். காயமுற்ற ஆட்டக்காரன், வயது கடந்து அணியிலிருந்து நீக்கப்படும் ஆட்டக்காரன் ஆகியோரின் துயரத்திற்கு இதைவிடச் செறிவான விளக்கம் தற்கால விளையாட்டு உளவியல் நூல்களிலும் அரிது.

இளிவரலின் நான்கு களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. இவற்றுள் மென்மை என்பதை நல்குரவோடு சார்த்திப் பொருள் கொள்ளும் உரை மரபு உண்டு. அச்சொல்லை அதன் இயல்பான பொருளில் கொண்டு நோக்கினும், இந்நான்கும் சேர்ந்து ஒரு வீரன் அஞ்சுவனவற்றின் முழுப் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றன. இதற்கு நேர் எதிரே பெருமிதம் நிற்கிறது. கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் அதன் களன்களுள் தறுகண்மையும் இசைமையும் விளையாட்டு உலகின் மூலதனங்கள். ஒரே உதை ஒருவனைப் பெருமிதத்திலிருந்து இளிவரலுக்குத் தள்ளிவிடும். இடைநிலை எதுவும் அங்கு இல்லை. பீட்சா விளம்பரத்தின் சிரிப்பையும் இவ்விடத்தில் சேர்த்து எண்ணலாம். நகையின் முதற்களன் எள்ளல். எள்ளல் என்பது பிறரைத் தான் எள்ளுதலும் பிறரால் தான் எள்ளப்படுதலும் என இரண்டாகும். காகிதப் பைக்குள் இவ்விரண்டும் கலந்திருந்தன.

உளவியலாளர் இல்லாத அறை

‘தி சேஞ்சிங் ரூம்’ 1971 நவம்பரில் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் லிண்ட்சே ஆண்டர்சன் இயக்கத்தில் மேடையேறியது. வட இங்கிலாந்தின் ஒரு ரக்பி லீக் அணி உடைமாற்றும் அறையே களம். மூன்று அங்கங்கள் ஆட்டத்திற்கு முன், இடைவேளையை ஒட்டிய நேரம், ஆட்டம் முடிந்தபின் என அமைகின்றன. ஆட்டம் மேடைக்கு வெளியே நிகழ்கிறது. ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், உடை களைகிறார்கள், உடலில் தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள், கேலி பேசுகிறார்கள், களத்திற்குச் செல்கிறார்கள், சேறும் குருதியுமாகத் திரும்புகிறார்கள், குளிக்கிறார்கள், போகிறார்கள். கதை என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ இல்லை. அக்காலத்தில் ஆடையற்ற ஆண் உடல்களை மேடையில் காட்டியமை பெரிதும் பேசப்பட்டது. உண்மையில் அந்நாடகத்தின் துணிவு அதில் இல்லை. உடலை மறைக்கக் கூசாத ஆண்கள் மனத்தைத் திறக்க மட்டும் கூசுகிறார்கள் என்னும் முரணை எந்த விளக்கமும் இன்றி முன்வைத்ததில்தான் அது உள்ளது.

இரண்டு பாத்திரங்கள் இங்குக் கருதத்தக்கவை. ஒருவர் கென்டல். இளமை கடந்த முன்வரிசை ஆட்டக்காரர். வீட்டு மரவேலைக்காக மின்கருவிப் பெட்டியொன்றை அன்று வாங்கி வந்திருப்பார். மற்றவர்கள் அதைக் கேலி செய்வார்கள். ஆட்டத்தில் மூக்கு உடைந்து, கண் தெரியாத நிலையில் அவர் அறைக்குள் கொண்டுவரப்படுகிறார். தம்மால் தொடர்ந்து ஆட முடியும் என்றே வற்புறுத்துகிறார். வலியைவிடப் பதிலாள் களமிறங்குவதே அவரை அலைக்கழிக்கிறது. மெய்ப்பாட்டியலார் கூறும் அசைவு இதுவே. பண்டைய நிலை நழுவிக்கொண்டிருப்பதை அவர் உடல் அறிந்துவிட்டது, வாய் ஒப்பவில்லை. அவரைச் சுற்றியுள்ளோர் ஆறுதல் மொழி எதுவும் கூறுவதில்லை. துடைக்கிறார்கள், உடை களைய உதவுகிறார்கள், கோட்டை மாட்டிவிடுகிறார்கள். பேச்சில் கிட்டாத பரிவு கைகளில் வெளிப்படுகிறது. 1973இல் நியூயார்க் பிராட்வே மேடையேற்றத்தில் இப்பாத்திரத்தை ஏற்ற ஜான் லித்கோ டோனி விருது பெற்றார்.

மற்றொருவர் அறையைத் துப்புரவு செய்யும் முதியவர் ஹாரி. ருசியர்கள் சதி செய்கிறார்கள் என்று அவர் நம்புகிறார். ஆட்டக்காரர்கள் அவர் பேச்சை வேடிக்கையாகத் தூண்டிவிடுகிறார்கள். உளநலம் குன்றிய ஒருவர் முதற்காட்சியிலிருந்தே அவ்வறையில் இருக்கிறார். அங்குள்ள எவருக்கும் அது உளநலச் சிக்கலாகத் தோன்றவில்லை. நாடகத்தைப் பாராட்டியோரும் அவரை நகைச்சுவைப் பாத்திரமாகவே பெரிதும் கண்டனர் என்றால் அறையின் பார்வை அரங்கினுள்ளும் பரவிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ஸ்டோரி இவ்வுலகை வெளியிலிருந்து கண்டவர் அல்லர். வேக்ஃபீல்டில் 1933இல் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, லீட்ஸ் ரக்பி லீக் கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஆடியவர். அதே காலத்தில் இலண்டன் ஸ்லேடு கலைப் பள்ளியில் ஓவியமும் பயின்றார். வாரநாட்களில் தூரிகை, வார இறுதியில் ரக்பி. 2017இல் அவர் மறைந்தபின் 2021இல் வெளிவந்த ‘எ ஸ்டிங்கிங் டிலைட்’ என்னும் தன்வரலாறு, அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடும் மனச்சோர்வோடு கழித்ததை வெளிப்படுத்தியது. தாம் பிறப்பதற்குச் சில மாதங்களுக்குமுன் இறந்துபோன தமையனின் சாவில் அச்சோர்வின் வேரை அவர் தேடுகிறார். நாடகத்திற்கும் நூலுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள். தம்மைப் பற்றிச் சொல்ல அரை நூற்றாண்டு தேவைப்பட்ட ஒருவர், சொல்ல முடியாமையை மட்டும் முப்பத்தெட்டு வயதிலேயே மேடையில் துல்லியமாக அமைத்துவிட்டார். இதை வாழ்க்கையைக் கொண்டு படைப்பை விளக்கும் எளிய முயற்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. அவ்வறையின் மௌனம் செயற்கையாகப் புனையப்பட்டதன்று என்பதற்கு இது ஒரு சான்று, அவ்வளவே.

அதே வேக்ஃபீல்டோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்வையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பிரித்தானிய ரக்பி லீக் அணிக்கு ஆடியவரும் வேக்ஃபீல்டு அணியில் தம் ஆட்ட வாழ்வை முடித்தவருமான டெரி நியூட்டன், ஊக்கமருந்துத் தடைக்கு உள்ளான சில மாதங்களில், 2010 செப்டம்பரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் விளைவாக 2011இல் ‘ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ என்னும் உளநல இயக்கம் ரக்பி லீக் உலகில் உருவானது. முன்னாள் வீரர்கள் கழகங்களுக்குச் சென்று தம் உளநெருக்கடியையும் மீண்டு வந்ததையும் எடுத்துரைப்பது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. ஸ்டோரியின் அறைக்குள் நாற்பது ஆண்டுகள் கழித்துப் பேச்சு நுழைந்த வழி இது.

‘டியர் இங்கிலாந்து’

ஜேம்ஸ் கிரகாமின் நாடகம் 2023 ஜூனில் இலண்டன் நேஷனல் தியேட்டரின் ஒலிவியே அரங்கில் ரூபர்ட் கூல்டு இயக்கத்தில் மேடையேறியது. சவுத்கேட்டாக ஜோசப் ஃபைன்ஸும் உளவியலாளர் பிப்பா கிரேஞ்சாக ஜீனா மக்கீயும் நடித்தனர். ஆண்டிறுதிக்குள் வெஸ்ட் எண்டுக்குச் சென்ற இந்நாடகம் 2024இல் சிறந்த புதிய நாடகத்திற்கான ஒலிவியே விருதைப் பெற்றது. தலைப்பு, 2021 ஜூனில் சவுத்கேட் தம் நாட்டு மக்களுக்கு எழுதிய திறந்த மடலிலிருந்து எடுக்கப்பட்டது.

1996இன் தவறிய உதையிலிருந்து நாடகம் தொடங்குகிறது. 2016இல் அணியின் மேலாளராகும் சவுத்கேட், கிரேஞ்சை அணிக்குள் அழைத்து வருகிறார். பழைய மரபில் ஊறிய பயிற்றுநர்கள் முணுமுணுக்கிறார்கள். வீரர்கள் தயங்குகிறார்கள், பின்னர் மெல்ல மெல்லத் தம் அச்சத்தைப் பேசத் தொடங்குகிறார்கள். 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவிற்கு எதிராக இங்கிலாந்து முதன்முறையாக ஓர் உலகக் கோப்பைப் பெனால்டி மோதலில் வெல்கிறது. 2021இல் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இத்தாலியிடம் அதே பெனால்டியில் தோற்கிறது. 2022இல் பிரான்சுக்கு எதிரான காலிறுதியில் ஹாரி கேனின் உதை கம்பத்திற்கு மேலே பறக்கிறது.

எஸ் டெவ்லினின் மேடையமைப்பில் வெம்ப்ளி அரங்கின் வளைவை நினைவூட்டும் ஒளிவட்டம் மேலே மிதக்கிறது. கீழே உடைமாற்றறையின் அலமாரிகள் சுழன்று இடம் மாறுகின்றன. உதைகள் பெரும்பாலும் பந்தில்லாமலே நிகழ்த்தப்படுகின்றன. இந்த ஓர் உத்தியே நாடகத்தின் பெரும் வலிமை. பந்து இருந்தால் பார்வையாளரின் கண் பந்தைத் தொடரும். பந்து இல்லாதபோது கண் செல்வதற்கு உடலைத் தவிர வேறிடம் இல்லை. தோள் இறுகுவது, மூச்சு அடங்குவது, கால் தயங்குவது ஆகியவை நிகழ்வுகளாகின்றன. முடிவை ஏற்கெனவே அறிந்த பார்வையாளர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதற்குக் காரணம், அவர்கள் காத்திருப்பது முடிவுக்காக அன்று என்பதே. தொலைக்காட்சி தர இயலாத அந்த நாற்பது மீட்டரை மேடை இவ்வாறு தந்துவிடுகிறது.

உரையாடல் பகுதிகள் இவ்வுயரத்தை எப்போதும் எட்டுவதில்லை. முன்னாள் பிரதமர்கள், தொலைக்காட்சி வருணனையாளர்கள், பழைய மேலாளர்கள் எனக் கேலிச்சித்திரங்கள் வரிசையாக வந்து போகின்றன. திக்கித் திணறும் பேச்சுடையவராகக் காட்டப்படும் ஹாரி கேன் பாத்திரத்திற்கு அரங்கில் எழும் சிரிப்பு பெரிது. ஆண்கள் பேச வேண்டும் என்று வேண்டும் ஒரு நாடகம், பேச வராத ஓர் ஆணைச் சிரிப்பிற்குப் பயன்படுத்துவது எள்ளலின் பழைய பாதைக்கே திரும்புவதாகும். பிற்பகுதியில் அதே கேன் பெனால்டியைத் தவறவிடும்போது முன்னைய சிரிப்பு பார்வையாளரின் தொண்டையில் சிக்குகிறது என்பதும் உண்மை. கிரகாம் இதைத் திட்டமிட்டே செய்திருக்கலாம். அப்படியாயின் முற்பகுதியின் நகைச்சுவை ஒரு கண்ணி. அந்தக் கண்ணி எல்லாப் பார்வையாளரையும் பிடிக்கும் என்று உறுதி கூற முடியாது.

கோல் விழுந்தால் மட்டும் மருந்தா?

இந்நாடகத்தின் மையச் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. உளநலம் எதற்காக? வீரன் நலமாக வாழவா, அணி வெல்லவா? 2018 வரையிலான பகுதியில் நாடகம் இரண்டாவது விடையையே தருகிறது. உளவியலாளர் வந்தார், வீரர்கள் பேசினர், மூச்சைச் சீராக்கினர், பெனால்டியை வென்றனர் என்னும் வரிசை நாடகத்தின் உந்துவிசையாக உள்ளது. வெற்றியே சிகிச்சையின் சான்றாகிறது. அப்படியானால் கோல் விழாதபோது அச்சிகிச்சை பொய்யாகிவிடுமா? கழகங்களும் விளையாட்டு அமைப்புகளும் உளநலத் திட்டங்களை நியாயப்படுத்த ஆட்டத்திறன் மேம்பாட்டையே காட்டும் போக்கு பரவலாக உள்ளது. அத்தருக்கத்தை மேடை அப்படியே ஏற்றால், கென்டலைப் போல இனி எந்த வெற்றிக்கும் பயன்படாத ஆட்டக்காரனின் துயரத்தைக் கேட்க யாருக்கும் காரணம் இராது.

நாடகத்தை இச்சிக்கலிலிருந்து மீட்பது வரலாறு. 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் நடந்த இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் மார்கஸ் ரேஷ்ஃபோர்டையும் ஜேடன் சாஞ்சோவையும் பெனால்டிக்கென்றே சவுத்கேட் களமிறக்கினார். ரேஷ்ஃபோர்டின் உதை கம்பத்தில் பட்டது. சாஞ்சோவின் உதையும் கடைசியாக வந்த 19 வயது புகாயோ சாக்காவின் உதையும் தடுக்கப்பட்டன. தாம் 25 வயதில் அடைந்த காயத்தைத் தம்மினும் இளைய ஒருவர் அடையும்படி, தம் தேர்வினாலேயே, சவுத்கேட் செய்துவிட்டார். எந்த நாடகாசிரியரும் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகையென்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

மூவரும் கறுப்பின வீரர்கள். ஆட்டம் முடிந்த அளவிலேயே சமூக ஊடகங்களில் அவர்கள்மீது இனவெறி வசைகள் குவிந்தன. மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் ரேஷ்ஃபோர்டின் சுவரோவியம் சிதைக்கப்பட்டது. சவுத்கேட்டின் மடல் இத்தகைய வசைகளைப் பற்றி முன்னதாகவே எச்சரித்திருந்தது. இவ்விடத்தில் உளநலம் என்பது தனிமனிதனின் மூச்சுப் பயிற்சியோடு முடியும் செய்தியன்று என்பது வெளிப்படுகிறது. சவுத்கேட்டுக்குக் கிட்டிய காகிதப் பையும் சிரிப்பும்கூட இவர்களுக்குக் கிட்டவில்லை. ஒரே இளிவு, உடலின் நிறத்திற்கேற்ப வேறு வேறு அளவில் அளந்து தரப்படுகிறது. நாடகம் இதைத் தொடுகிறது, தவிர்க்கவில்லை. ஆயினும் கதை சவுத்கேட்டின் கதையாக அமைந்துவிட்டமையால், இவ்விளைஞர்களின் துயரம் அவருடைய வளர்ச்சிக்கான படிக்கட்டாகச் சுருங்கும் இடர் இருக்கவே செய்கிறது.

அழுகை தானே அவலித்தலும் பிறர் அவலங்கண்டு அவலித்தலும் என இருவகைப்படும் என்றும், பின்னதைக் கருணையாகக் கொள்ளலாம் என்றும் உரை மரபு கூறும். 2018இல் மாஸ்கோவில் கொலம்பியாவை வென்ற இரவில், பெனால்டியைத் தவறவிட்ட எதிரணி வீரர் மத்தேயூஸ் உரிபேயைச் சவுத்கேட் அணைத்து ஆறுதல் கூறிய ஒளிப்படம் பலரும் அறிந்தது. தன் இளிவு பிறன்பால் கருணையாக மாறிய இடம் அது. வெற்றிக்கு அவ்வணைப்பால் எப்பயனும் இல்லை. உளநலத்தை வெற்றியிலிருந்து பிரித்துக் காட்ட இதனினும் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

கேட்பவரின் இருக்கை

மற்றொரு சிக்கலை நாடகத்தைப் பாராட்டியோர் போதிய அளவு கவனிக்கவில்லை. கிரகாமின் உடைமாற்றறையில் வீரர்கள் பேசும்போது கேட்போர் இருவர். ஒருவர் உளவியலாளர். மற்றவர் அடுத்த ஆட்டத்திற்கு யார் யாரைக் களமிறக்குவது என்று தீர்மானிக்கும் மேலாளர். எனக்கு அச்சமாக இருக்கிறது என்று ஒரு வீரன் கூறினால், அக்கூற்று ஆறுதலுக்கான வேண்டுகோளாக இருக்கும் அதே நேரத்தில் தேர்வுக் குறிப்பாகவும் மாறக்கூடும். நாடகத்தின் சவுத்கேட் நல்லவர். ஆகவே இவ்விடர் பார்வையாளருக்கு உறைப்பதில்லை. நல்லவரல்லாத மேலாளரிடம் இதே வெளிப்படைத்தன்மை என்ன ஆகும் என்னும் வினா நாடகத்திற்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஜான் டானலியின் ‘தி பாஸ்’ (ராயல் கோர்ட், 2014) அவ்வினாவை உள்ளே கொண்டுவந்த நாடகம். தன்பால் ஈர்ப்பை மறைத்து வாழும் ஒரு கால்பந்து வீரனின் பன்னிரண்டு ஆண்டுகளை மூன்று விடுதி அறைகளில் அது காட்டுகிறது. ஆட்டமும் இல்லை, அணியும் இல்லை, உளவியலாளரும் இல்லை. பேசினால் தொழில் போகும் என்று அவன் கணக்கிடுகிறான். அக்கணக்கு தவறானதன்று என்பதே நாடகத்தின் கசப்பு. ஆண்கள் பேசாதிருப்பது எப்போதும் அறியாமையாலோ பிடிவாதத்தாலோ அன்று. சில வேளைகளில் அது சூழலைச் சரியாக அளந்தறிந்ததன் விளைவு. மனம் திறந்து பேசுங்கள் என்னும் பரப்புரை இதை ஒப்புக்கொள்ளாதவரை வீரர்களின் ஐயம் தீராது.

கிரேஞ்ச் பாத்திரத்தின் அமைப்பும் இதனோடு தொடர்புடையது. ஆண்கள் நிறைந்த அறைக்குள் வந்து அவர்களின் உணர்வுகளைச் சுமக்கும் பெண்ணாக அவர் அமைக்கப்பட்டுள்ளார். அவருடைய சொந்த வாழ்வோ உழைப்பின் களைப்போ மிகக் குறைவாகவே மேடைக்கு வருகின்றன. ஸ்டோரியின் நாடகத்தில் கென்டலின் காயத்தைத் துடைத்தவை ஆண்களின் கைகள். ஐம்பது ஆண்டுகளில் அப்பணி ஒரு பெண்ணின் தொழிலாக மாறியிருப்பது முழுமையான முன்னேற்றம்தானா என்பது ஐயத்திற்குரியது.

பார்வையாளர் எழுந்து வரும் அரங்கு

பெரும் அரங்குகளில் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்து காணும் நாடகத்திற்கு இயல்பான எல்லை உண்டு. இதைக் கடக்க விரும்புவோர் பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகஸ்தோ போவாலின் மன்ற அரங்கை நாடுவர். ஒடுக்கப்பட்ட ஒருவர் தோற்கும் காட்சி நிகழ்த்தப்படும். மீண்டும் நிகழ்த்தும்போது பார்வையாளர் எவரும் நிறுத்தலாம், எழுந்து வந்து அப்பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை முயலலாம். ஐரோப்பாவில் புலம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் போவால், புற ஒடுக்குமுறையைவிட உள்ளிருந்து அடக்கும் குரல்களே அங்குள்ளோரை வாட்டுவதைக் கண்டு, ‘தலைக்குள் இருக்கும் காவலர்’ என்னும் கருத்தை வளர்த்தெடுத்தார். அழாதே, ஆணாக இரு என்னும் குரல் அக்காவலரின் குரல்தான்.

விளையாட்டுக் கழகம் இவ்வரங்கிற்கு மிகப் பொருத்தமான இடம். ஆட்டக்காரர்கள் உடலால் சிந்திக்கப் பழகியவர்கள். ஓர் அசைவைப் பத்து முறை நிகழ்த்திப் பார்த்துத் திருத்துவது அவர்களுக்கு அன்றாடப் பயிற்சி. நாடகமாக அன்றி ஒத்திகையாக அவர்கள் அதை ஏற்பர். முன்னாள் வீரர் எழுந்து நின்று சான்றுரைப்பதற்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சான்றுரை மீண்டவரின் குரல். அது முடிவு தெரிந்த கதை. கேட்பவருக்கு அது துணிவூட்டும். ஆனால் இன்னும் மீளாதவர், அது தமக்குரியதன்று என்று எண்ணவும் கூடும். மன்ற அரங்கில் முடிவு இன்னும் எழுதப்படவில்லை. அங்கு எவரும் தம் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பாத்திரத்தின் பின்னே நின்றுகொண்டு ஒருவர் தம் அச்சத்தை முயன்று பார்க்கலாம். அது யாருடைய அச்சம் என்பதை வெளிப்படுத்தத் தேவையில்லை. முன்னைய பகுதியில் எழுப்பிய தேர்வுக் குறிப்பு என்னும் இடர்க்கு இதுவே ஓரளவு காப்பு.

ஆயினும் மன்ற அரங்கு நடத்துவோர் வழக்கமாகத் துயருற்ற வீரனின் இடத்திலேயே மாற்றாளை நிறுத்துகின்றனர். அவன் எப்படி வேறுவிதமாகப் பேசியிருக்கலாம் என்பதே முயற்சியின் மையமாகிறது. போவாலின் முறையில் ஒடுக்குபவரின் இடத்தை மாற்றுவது எளிய தீர்வாகிவிடும் என்னும் எச்சரிக்கை இதற்கு ஒரு காரணம். விளையாட்டுக் கழகத்தில் இவ்வெச்சரிக்கையைச் சற்றே தளர்த்த வேண்டியுள்ளது. பயிற்றுநர், தேர்வாளர், சிரிக்கும் சக வீரர் ஆகியோரின் இடங்களில் நின்று பார்க்காதவரை, பேசாதவனிடமே பழி முழுதும் தங்கிவிடும். கென்டலின் காட்சியை இவ்வாறு ஒரு கழகத்தில் நிகழ்த்தினால், நிறுத்து என்று சொல்ல வேண்டிய இடம் அவர் ஆட முடியும் என்று வற்புறுத்தும் கணமா, பதிலாளை அனுப்ப முடிவெடுக்கும் கணமா, முதல் அங்கத்தில் கருவிப் பெட்டியைக் கண்டு அனைவரும் சிரித்த கணமா என்பது விவாதத்திற்குரியது. ஹாரியின் பேச்சைத் தூண்டிவிட்டுச் சிரிக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்ல எவரேனும் எழுவார்களா என்பதும் அங்குத்தான் தெரியவரும்.

2024 ஜூலையில் ஸ்பெயினிடம் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தை இழந்தபின் சவுத்கேட் பதவி விலகினார். 2025இல் ‘டியர் இங்கிலாந்து’ நேஷனல் தியேட்டரில் மீண்டும் மேடையேறியபோது இதற்கேற்ப அதன் இறுதிப் பகுதி திருத்தி எழுதப்பட்டது. கோப்பையைக் கைப்பற்றாமலே போன ஒரு மேலாளரின் கதையாக அது அப்போது நிகழ்த்தப்பட்டது. 2018இன் வெற்றி அதில் ஓர் இடைக்காட்சி மட்டுமே.